தங்கத்துக்கு வந்த கடிதங்கள்

அத்தியாயம் 11

நான்கு வருடமாக எதிர்பார்த்த கவர் போன செவ்வாய்க்கிழமைதான் திருமங்கலம் வந்து சேர்ந்தது. மார்ச் பதினெட்டு, வியாழக்கிழமை, காலை எட்டரை மணி. மெட்ராஸ் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணல். மனுவில் பெயர் உள்ள இருவரும் நேரில் வர வேண்டும்.

ஒருவன் தனிஸ்லாஸ். மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. இன்னொருத்தி அவன் மகள் அமலி. இந்த மாதக் கடைசியில் அவளுக்கு ஐந்து வயது முடிகிறது. மனுப் போட்டவள் சிகாகோவில் நர்ஸாக இருக்கும் ஜோசபின், அவன் மனைவி. பிள்ளைக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தபோது விமானம் ஏறியவள்.

கவரை மாதா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தான் தனிஸ்லாஸ். ஒரு நாளைக்கு மூன்று தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பான், இடையில் தேதி மாறிவிடுமோ என்பதுபோல.

சனிக்கிழமை காலை. அமலியை மடியில் சாய்த்துக்கொண்டு ரெட்டைச்சடை பின்னிக்கொண்டிருந்தாள் தங்கம். தனிஸ்லாஸுக்குத் தங்கை. பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை.

"ஏண்ணே, பண்டிகைப் பூசைக்குக் கிளப்புற மாதிரி கிளப்பச் சொல்ற? டைப்பிங் கிளாஸுக்குத்தான போறீங்க?"

"கண்ணுச்சாமி சார் பிள்ளையையும் கூட்டிட்டு வரச் சொன்னாரு. மெட்ராஸ்ல கேக்கிற மாதிரியே கேட்டுப் பழக்கி விடுவாராம்."

"இவகிட்ட என்னத்தைக் கேக்கப் போறாங்க?"

"பேரு, ஊரு. வேற என்ன?"

தங்கம் ரிப்பனை இறுக்கிக் கட்டினாள். "ஆ, வலிக்குதும்மா" என்றாள் அமலி.

அந்த 'அம்மா'வை யாரும் கவனிக்கவில்லை. நான்கு வருடமாகக் காதில் விழுந்துகொண்டே இருக்கிற சொல்தானே.

*

கண்ணுச்சாமியின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. வெளிநாட்டு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டுமென்றால் கள்ளிக்குடி, பேரையூரில் இருந்தெல்லாம் அவரைத் தேடித்தான் வருவார்கள். அவர் மெட்ராஸைத் தாண்டிப் போனதில்லை. ஆனால் போய்வந்த ஒவ்வொருவரிடமும் என்ன கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்று விசாரித்து ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தார்.

நாற்காலியை மேஜைக்கு அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை நுனி மூக்குக்கு இறக்கினார்.

"இப்ப நான்தான் வெள்ளைக்காரன். ஆரம்பிப்பமா? உங்க மனைவியை முதமுதல்ல எங்க பார்த்தீங்க?"

"வீட்ல."

"யார் வீட்ல?"

"எங்க வீட்ல."

"எப்ப?"

"எழுபத்து மூணு. டிசம்பர்."

கண்ணுச்சாமி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சார், இது கோர்ட்டு சாட்சி கிடையாது. கட்டின சம்சாரத்தைப் பத்திப் பேசுறீங்க. அவங்களுக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். இது நெசமான கல்யாணமா, இல்ல விசாவுக்காகப் பண்ணினதா? நீங்க இப்படிப் பில்லு வாசிக்கிற மாதிரி சொன்னீங்கன்னா எவன் நம்புவான்? கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

தனிஸ்லாஸ் கண்ணை மூடவில்லை. ஜன்னல் வழியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தான். டி. கல்லுப்பட்டி பஸ் ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

அன்றைக்கும் கல்லுப்பட்டி பஸ்தான். தங்கமும் ஜோசபினும் மதுரை மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்பு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஹாஸ்டலை மூடியதும் இருவரும் ஒரே பஸ்ஸில் கிளம்பினார்கள். ஜோசபினுக்குக் கல்லுப்பட்டிக்கும் அந்தப் பக்கம் ஊர். விடாமல் அடித்த மழையில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது என்று பஸ்ஸைத் திருமங்கலத்திலேயே நிறுத்திவிட்டார்கள். தங்கம் சிநேகிதியை வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

தகரப் பெட்டியைத் தலைக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு வாசலில் வந்து நின்றாள் ஜோசபின். தனிஸ்லாஸ் முற்றத்தில் மூங்கில் சிம்பு கட்டி, கலர்த்தாள் ஒட்டி, நட்சத்திரம் செய்துகொண்டிருந்தான். வணக்கம் சொல்லவில்லை, பெயர் சொல்லவில்லை. நட்சத்திரத்தைப் பார்த்தவள் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு காலு குட்டையா இருக்கே."

"மழையில நனைஞ்சு வந்தாங்க" என்றான் தனிஸ்லாஸ் மெதுவாக. "நான் நட்சத்திரம் ஒட்டிட்டு இருந்தேன். ஒரு காலு குட்டைன்னாங்க. பிரிச்சுட்டுத் திரும்பக் கட்டுனேன். அவங்கதான் பசை காய்ச்சிக் குடுத்தாங்க. ரெண்டு நாளா தண்ணி வடியல. வடியக் கூடாதுன்னு இருந்துச்சு."

கண்ணுச்சாமி மேஜையைத் தட்டினார். "இது சார்! இதைச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

அடுத்து அமலியைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்தார்.

"பாப்பா பேரு என்ன?"

"அமலி."

"அப்பா பேரு?"

"தனிஸ்லாஸ்."

"கெட்டிக்காரி! அம்மா பேரு?"

"தங்கம்."

கண்ணுச்சாமி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"இல்ல பாப்பா. அமெரிக்காவுல இருக்காங்கல்ல, அவங்களைக் கேக்கிறேன்."

"அது போட்டோ அம்மா" என்றாள் அமலி, அவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல. "எங்க அம்மா தங்கம்."

கண்ணுச்சாமி தனிஸ்லாஸைத் தனியாக மாடிப்படிக்கு அழைத்துப் போனார். "சார், தப்பா நினைக்காதீங்க. பிள்ளை அங்க இப்படிச் சொல்லிருச்சுன்னா, இது யாரு பிள்ளை, அந்தத் தங்கம் உங்களுக்கு என்ன வேணும்னு கேள்வி வேற பக்கம் போயிரும். சரி, கடுதாசி எல்லாம் கொண்டாந்தீங்களா? சம்சாரம் எழுதினது?"

தனிஸ்லாஸ் பையில் இருந்து ஒரு சிறு கட்டை எடுத்துக் கொடுத்தான். கண்ணுச்சாமி எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார்.

"நாலு வருசத்துக்குப் பதினோரு கடுதாசியா?"

"இது பத்தாது சார். இன்னும் இருந்தா தேதி வரிசையாக் கொண்டாங்க" என்று கட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

*

வீட்டுக்கு வந்ததும் அமலி ஓடிப்போய்த் தங்கத்தின் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, அந்த மாமா எங்க அம்மா பேரைத் தப்புங்கிறாரு."

தங்கம் சிரித்தாள். சிரித்தபடியே அண்ணன் முகத்தைப் பார்த்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள். எடுத்த துணியையே மறுபடி கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"தங்கம்" என்றான் தனிஸ்லாஸ் பின்னால் வந்து. "பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கணும்."

"சொல்லிக்குடுக்கிறேன். பன்னெண்டு நாள் இருக்குல்ல."

"இன்னொண்ணு. ஜோசபின் கடுதாசி பத்தாதாம். உனக்கு எழுதினது ஏதாவது இருந்தா குடேன்."

தங்கம் துணியைக் கொடியிலேயே விட்டாள். பிறகு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருந்து பழைய தகரப் பெட்டியை இழுத்து வந்தாள். நர்ஸ் படிக்கப் போனபோது அப்பா வாங்கிக் கொடுத்த பெட்டி. திறந்தால், நிறைய நீலக் கடிதங்கள். வருடவாரியாக ரிப்பன் போட்டுக் கட்டியிருந்தன.

"இம்புட்டா?"

"நூத்தி எண்பதுக்கு மேல இருக்கும். வாரம் தவறாம எழுதுவா."

"எனக்குப் பதினொண்ணுதான எழுதியிருக்கா..."

"நீ பதிலுக்கு என்ன எழுதுன? 'நலம். அமலி நலம். இங்கு மழை இல்லை.' அதுக்கு மேல உனக்கு என்னத்தை எழுதுவா அவ?"

பாயை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். அமலி சாப்பிட்டுவிட்டுப் பக்கத்திலேயே தூங்கிப்போனாள். வெளியே மார்ச் மாத வெயில் ஓட்டுக்கூரையில் இறங்கியது.

தங்கம் வாசித்தாள். சில இடத்தில் வாசிக்கும் முன்பே சிரித்தாள்.

'நேற்று ஒரு பாட்டிக்கு எலும்பு முறிவு. டாக்டர் எலும்பின் பெயரைக் கேட்டதும் நாம் பரீட்சைக்கு முந்தின நாள் ராகம் போட்டுப் பாடினோமே, அந்தப் பாட்டு வாயில் வந்துவிட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.'

'ஒரே வெள்ளை ஷூவை நீ காலை ட்யூட்டிக்கும் நான் ராத்திரி ட்யூட்டிக்கும் போட்டோமே, இங்கே என்னிடம் மூன்று ஜோடி இருக்கிறது. வாசலில் கழற்றி வைத்தால் எடுத்துப் போட ஆள்தான் இல்லை.'

'அமலியின் பாதம் வந்தது.' பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவள் காலைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பியிருந்தாள் தங்கம். 'அதன்மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். போன வருடத்தைவிட ஒரு விரற்கடை கூடுதல். நான் பார்க்காத ஒரு விரற்கடை.'

தனிஸ்லாஸ் அந்தக் கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் கோயில் வாசலில், மாலையும் கழுத்துமாக, "நான் நிறைய பேசுவேன். உங்களுக்குப் பரவாயில்லையா?" என்று கேட்ட குரல் அதில் அப்படியே இருந்தது. அந்தக் குரல் இந்த வீட்டுக்கு வாரா வாரம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அவனுக்குத்தான் கேட்கவில்லை.

"முதல் வருசக் கட்டையும் எடு" என்றான்.

தங்கம் எடுக்கவில்லை.

"அது வேண்டாம்ணே. பழசு."

"பழசுதான் வேணும். தேதி வரிசையா இருக்கணும்கிறாரு."

தங்கம் கட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு அவளே ரிப்பனை அவிழ்த்து, நடுவில் இருந்து ஒரு கடிதத்தை உருவி அவனிடம் கொடுத்தாள். அந்த ஒன்று மட்டும் மடிப்பில் கிழிந்து, ஒட்டுப்போட்டு இருந்தது. பலமுறை பிரித்து மடித்தது.

1978, ஜூன் மாதக் கடிதம்.

'தங்கம், என்னால் முடியவில்லை. மேல்மாடி வீட்டில் ஒரு குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மார் கனக்கிறது. திரும்பி வந்துவிடட்டுமா? அவரிடம் கேட்டால் உன் இஷ்டம் என்று எழுதுவார். அது எனக்குப் போதாது. நீ வா என்று ஒரு வார்த்தை எழுது. நான் கிளம்பிவிடுகிறேன். அவரிடம் இப்போது சொல்லாதே.'

தனிஸ்லாஸ் நிமிர்ந்தான். "நீ என்ன எழுதுன?"

"வராதேன்னு எழுதுனேன்."

"என்னது?"

"இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், பிள்ளை உன்னைத் தேடலை, பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு, வராதேன்னு எழுதுனேன்." தங்கத்தின் குரல் மாறவில்லை. மனதுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்ததைச் சொல்வதுபோல இருந்தது. "அவ நல்லதுக்குத்தான் எழுதுனேன்னு எனக்கே நான் சொல்லிக்கிட்டேன். அது பொய்ணே. அந்தக் கடுதாசி வந்த அன்னைக்குக் காலையிலதான் இவ என் கழுத்தைக் கட்டிக்கிட்டு முதமுதல்ல அம்மான்னு கூப்பிட்டா."

தனிஸ்லாஸ் எழுந்தான்.

"நாலு வருசம், தங்கம்."

"தெரியும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

தங்கம் அவன் கையில் இருந்த கடிதத்தை வாங்கி மடித்தாள். அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

*

குண்டாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஆடுகள் படுத்திருந்தன. கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தான் தனிஸ்லாஸ்.

கோபம்தான் முதலில் இருந்தது. நான்கு கிறிஸ்துமஸ். மூன்று பிறந்தநாள். தன் கூடப் பிறந்தவளே இப்படிச் செய்துவிட்டாளே என்று மணலை அள்ளி அள்ளி இறைத்தான்.

ஆனால் அந்தக் கடிதத்தில் இருந்த ஒரு வரி அவனை விடவில்லை. 'உன் இஷ்டம் என்று எழுதுவார்.'

எழுதியிருப்பான். அதில் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் இருந்து வேலைக்கு உத்தரவு வந்த அன்று, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "போகட்டுமா?" என்று ஜோசபின் கேட்டாள். போகாதே என்று சொல்லத்தான் வாய் வந்தது. தான் தடுத்தால் அவள் எதிர்காலத்தைக் கெடுத்தவனாவோம் என்று நினைத்து, "உன் இஷ்டம்" என்றான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. வேறு ஏதோ சொல்லப் போகிறான் என்று காத்திருந்தாள் போல.

மதுரை ஸ்டேஷனில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் கிளம்பும்வரை பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே இருந்தாள். விசில் ஊதியதும் பிள்ளையைத் தங்கத்தின் கையில் கொடுத்தாள். அவன் அருகிலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றான். ஆனாலும் தங்கத்திடம்தான் கொடுத்தாள்.

அதன் பிறகு தங்கத்துக்கு இரண்டு வரன் வந்தது. சமயநல்லூர் வாத்தியார் மாப்பிள்ளை வீடு தேடியே வந்தார். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும்" என்று தங்கம் தள்ளிப்போட்டாள். அப்போதும் தனிஸ்லாஸ், "உன் இஷ்டம்" என்றுதான் சொன்னான். தங்கையின் கல்யாணம் தவறிப்போனதைப் பற்றி அவன் ஒரு நாளும் உட்கார்ந்து யோசித்ததில்லை. வீட்டில் சோறு வெந்தது, பிள்ளை வளர்ந்தது. அது போதுமாக இருந்தது அவனுக்கு.

வெயில் தாழ்ந்த பிறகு எழுந்து மணலைத் தட்டிவிட்டுக்கொண்டான். கோபம் போய்விடவில்லை. ஆனால் அதைத் தங்கத்தின் மேல் மட்டும் வைக்க அவனால் முடியவில்லை.

*

வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே உள்ளே இருந்து குரல் கேட்டது.

"அம்மா பேரு?"

"ஜோசபின்."

"எங்க இருக்காங்க?"

"சிகாகோ."

"என்ன வேலை பாக்கிறாங்க?"

"ஊசி போடுறாங்க."

"சமத்து. தங்கம் யாரு?"

அமலி விசும்பும் சத்தம் கேட்டது.

"சொல்லு கண்ணு. தங்கம் அத்தை. எங்க, சொல்லு பாப்போம். அத்தை."

"நான் சொல்ல மாட்டேன்" என்று அழுதாள் அமலி.

தனிஸ்லாஸ் உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டான். "இன்னைக்குப் போதும், தங்கம். விடு."

தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அண்ணே, நீ ஜோசபினுக்கு எதுவும் எழுத வேண்டாம். நானே எழுதிட்டேன்."

"எப்ப?"

"மனு பாஸாயிருச்சுன்னு ஜனவரியில சேதி வந்துச்சுல்ல, அன்னைக்கு ராத்திரியே. ஒண்ணையும் மறைக்காம எழுதிப் போட்டுட்டேன். பிள்ளை அவகிட்ட போய்ச் சேர்றதுக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும்ல?"

"பதில் என்ன போட்டா?"

"போடலை. வாரம் தவறாம எழுதுறவ, அஞ்சு வாரமா ஒரு வரி இல்லை."

தனிஸ்லாஸ் பிள்ளையைத் தோளுக்கு மாற்றினான். வழக்கமாகச் சொல்லும் இரண்டு வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. அவன் அவற்றை விழுங்கிக்கொண்டான்.

"நானும் சரியா இல்லை, தங்கம்" என்றான். "அவகிட்டயும். உன்கிட்டயும்."

தங்கம் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது வாசலில் சைக்கிள் மணி இரண்டு தடவை அடித்தது.

"தந்தி சார்!"

தந்தி என்றதும் எதிர்வீட்டு இருளாயி அக்கா வாசலுக்கே வந்துவிட்டாள். தங்கம் அண்ணனுக்குப் பின்னாலேயே வந்து நின்றாள். தனிஸ்லாஸ் கையெழுத்துப் போட்டான். உறையைக் கிழித்து, ஒட்டியிருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒருமுறை மனதுக்குள் வாசித்தான்.

"யாருக்கு என்னண்ணே? சொல்லேன்!"

"யாருக்கும் ஒண்ணுமில்லை. ஜோசபின்தான் குடுத்திருக்கா." அவன் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான். "பதினாறாம் தேதி மெட்ராஸ் வந்து சேருகிறேன். தங்கத்தைக் கட்டாயம் அழைத்து வரவும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

தங்கம் தந்தியை வாங்கினாள். விளக்கைப் போட்டு, வெளிச்சத்தில் பிடித்து, தானும் வாசித்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

"கட்டாயம்னு போட்டிருக்காளே. கோவத்துல கூப்பிடுறாளா, ஆசையில கூப்பிடுறாளாண்ணே?"

"அது தந்தியில தெரியாது, தங்கம்."

இருளாயி அக்கா, சாவுச் செய்தி இல்லை என்று தெரிந்ததும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அமலி தகப்பன் தோளில் இருந்து கையை நீட்டித் தங்கத்தின் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரும்மா வாராங்க?"

தங்கம் தந்தியை நாலாக மடித்தாள். பிள்ளையின் கன்னத்தில் காய்ந்திருந்த கண்ணீரை விரலால் வழித்துவிட்டாள்.

"உங்க அம்மா வாராங்க" என்றாள்.

பிறகு அண்ணனிடம் திரும்பினாள்.

"விடிஞ்சதும் ஸ்டேஷனுக்குப் போய் மூணு டிக்கெட் எடுத்துட்டு வாண்ணே. அவ எது குடுத்தாலும், நான் நேர்லயே நின்னு வாங்கிக்கிறேன்."